முதுகுக்குக் கீழே ஒரு போர்வை!

மார்கழி, தை மாதங்களில் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குக் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டி, திருப்பாலைவனம் பக்கம் போய்விட்டாலே காற்றில் உப்பு வாசம் வந்துவிடும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. விடியற்காலையில்தான் பறவைகளை ஆசைதீரப் பார்க்கலாம் என்பதால், முதல்நாள் இரவே போய்த் தங்கிவிட நினைப்பவர்கள் உண்டு. அதிலும் பிள்ளைகளுக்கு, இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமாக் கட்டிப் படுக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை.

ஹேமாக் வேறொன்றும் இல்லை, பெரியவர்களுக்கான தூளி. 1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் இப்படித் தொங்கும் படுக்கையில் உறங்குவதைப் பார்த்தார். பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையே அதுதான் என்றாகிவிட்டது. பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் மொழியில் அதற்கு ‘ஹாங்மாட்’ என்று பெயர். தொங்கும் பாய் என்று அர்த்தம்.

‘நம்ம கடற்கரையில் என்ன பெரிய குளிர்? ஒரு போர்வை போதுமே!’ என்றுதான் எல்லோரும் நினைப்போம். இரவு பத்து மணி வரை அது சரி. விடியற்காலை மூன்று மணிக்கு, மேலே இரண்டு போர்வை போர்த்தியும் முதுகும் இடுப்பும் சில்லிட்டு விழிப்பு வந்துவிடும். மூன்றாவது போர்வையை மேலே போட்டாலும் பலன் இருக்காது. ஏனென்றால், குளிர் வருவது கீழேயிருந்து!

காற்றுதான் கம்பளி

நம்மைச் சூடாக வைத்திருப்பது கம்பளியோ பஞ்சோ அல்ல. அவற்றின் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கொண்டிருக்கும் காற்று. குளிரில் பறவைகள் சிறகை உப்பவைத்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறகுக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் வேலை அது.

ஹேமாக்கில் படுத்தால், முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒற்றைத் துணிதான். போர்வையை மடித்துக் கீழே போட்டுப் படுத்தால் என்ன? உங்கள் எடையில் அது அப்பளம் மாதிரி நசுங்கிவிடும். உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறிய பிறகு, அது வெறும் தடித்த துணி. விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதே கதிதான். மேல்பாதி சூடாக இருக்கும், அடிப்பாதி நசுங்கிக் கிடக்கும்.

தரையில் படுத்தாலும் போர்வை நசுங்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். நசுங்கும். ஆனால் தரைக்கு அடியில் காற்று வீசுவதில்லை. அந்தரத்தில் தொங்கும் படுக்கையில், உடம்பு சூடாக்கிய காற்றை அடுத்து வரும் காற்று உடனே அடித்துக்கொண்டு போய்விடும். சென்னைப் பகுதியில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. நம் தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி. இந்த 12 டிகிரி வித்தியாசமும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடையில்லாமல் வீசும் வாடைக்காற்றும் சேர்ந்தால் நடுக்கம் வர வேறெதுவும் வேண்டாம்.

வெளியே கட்டும் போர்வை

இதற்கான விடைதான் ‘அண்டர்குவில்ட்’. அடிப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு வைத்த ஒரு மெத்தைப் போர்வையை ஹேமாக்குக்கு உள்ளே போடாமல், வெளியே, அடிப்பக்கத்தில் தொங்கவிட வேண்டும். உடம்பின் எடை ஹேமாக் துணியோடு நின்றுவிடும். போர்வை நசுங்காமல் உப்பலாகவே இருக்கும்.

காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய மெல்லிய ரஜாய் ஒன்று போதும். நான்கு மூலைகளிலும் நீளவாட்டு ஓரங்களின் நடுவிலும் துணி வளையங்களைத் தைத்து, எலாஸ்டிக் கயிறு கோத்துவிடுங்கள். குட்டை ஓரங்கள் இரண்டிலும், பாவாடைக்கு நாடா கோப்பதுபோல மடித்துத் தைத்து, ஆளுக்கொரு நாடா கோத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு விஷயத்தில் நம் ஊர் இலவம்பஞ்சு கைகொடுக்கும். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடம் உள்ள நுண்குழல். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் சட்டைகளில் அதைத்தான் அடைத்தார்கள். ஏரிக்கரையின் ஈரப்பதத்துக்கு இது நல்லது. வாத்து இறகு வைத்த போர்வை எடை குறைவு, சூடு அதிகம்; ஆனால் பனியில் நனைந்தால் சுருண்டுவிடும்.

கட்டுவதில்தான் சூட்சுமம்

அடிப்போர்வை இருந்தும் குளிர்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்குக் குறை போர்வையில் இருக்காது, கட்டிய விதத்தில் இருக்கும். வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. முதலில் ஹேமாக்கைச் சரியாகக் கட்டுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டாமல், நடுவில் நன்றாகத் தொய்வு இருக்கட்டும். உட்கார்ந்தால் நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும். மரத்தில் மெல்லிய கயிறு வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். இரண்டு அங்குல அகல நாடா கட்டுங்கள். தோப்பில் இளஞ்சவுக்கை விட்டுவிட்டு, தொடைப் பருமனாவது உள்ள மரமாகத் தேடுங்கள்.

2. அடிப்போர்வையைப் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கட்டித் தொங்கவிடுங்கள். பையில் சுருண்டு கிடந்த பஞ்சு உப்பிவர நேரம் வேண்டும்.

3. ஹேமாக்கில் ஏறிப் படுங்கள். நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும்; கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு தட்டையாகும். இப்போது போர்வை தோளில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ்வரை வருகிறதா என்று பாருங்கள். குறுக்காகப் படுப்பதால் ஒரு தோளோ, ஒரு காலோ போர்வைக்கு வெளியே போயிருக்கலாம். போர்வையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

4. இனிதான் முக்கியமான சோதனை. நீங்கள் படுத்திருக்க, கூட இருப்பவர் ஹேமாக்குக்கும் போர்வைக்கும் நடுவே, உங்கள் இடுப்புக்கு நேராகக் கையை நுழைத்துப் பார்க்கட்டும். கை தாராளமாக உலாவினால் கட்டு தளர்வு. அந்த இடைவெளியில் குளிர்காற்று புகுந்துவிடும். கயிறுகளை இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையை நுழைக்கவே முடியாமல் போர்வை தட்டையாக ஒட்டியிருந்தால் கட்டு இறுக்கம், பஞ்சு நசுங்கிவிட்டது. தளர்த்துங்கள். உள்ளங்கை மட்டும் மெதுவாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரியான பதம்.

5. கடைசியாக இரண்டு முனை நாடாக்கள். சுருக்குப்பையின் வாயைப்போல, காற்று புகாத அளவுக்கு இழுத்து மூடுங்கள். ரொம்ப இழுத்தால் போர்வை சுருங்கி, நடுவில் தொங்கி, மறுபடி இடைவெளி விழும். எனவே நாடாவை இழுத்த பிறகு நான்காவது சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

நடு இரவில் விழித்தாலும், எங்கே குளிர்கிறது என்பதை வைத்தே காரணம் கண்டுபிடிக்கலாம். இடுப்பில் மட்டும் சில்லிட்டால், நடுவில் தொய்வு. தோளில் குளிர்ந்தால், போர்வை கால்பக்கம் வழுக்கிவிட்டது. ஒரு விலா மட்டும் குளிர்ந்தால், போர்வை பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. முதுகு முழுக்கக் குளிர்ந்தால், ஒன்று பஞ்சு நசுங்கியிருக்கிறது, இல்லை காற்று நேராக அடிக்கிறது. காற்று வரும் பக்கம் தார்ப்பாயை ஹேமாக்குக்குக் கீழே வரை இறங்கும்படி தாழ்த்திக் கட்டுங்கள். விடியும் நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று திரும்பலாம் என்பதால் மேற்குப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்.

தூளிக்கும் கட்டிலுக்கும்

இந்த விஷயம் ஹேமாக் கட்டுபவர்களோடு முடிந்துவிடுவதில்லை. திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கும் தாத்தா, ‘எத்தனை போர்த்தினாலும் குளிருதே’ என்கிறாரா? கட்டிலின் அடியில் ஒரு பழைய கம்பளியை நான்கு காலிலும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கயிற்றுச் சந்துகள் வழியே ஏறும் காற்று நின்றுவிடும். மேலே போர்த்துவதைவிட இது அவருக்கு அதிக சுகம் தரும்.

தூளியில் கிடக்கும் குழந்தைக்கும் இதே கதைதான். அடியில் ஒற்றைப் புடவை, மேலே கனத்த போர்வை என்றால் குழந்தையின் முதுகு குளிரும், முகம் மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தூளிக்கு வெளியே இன்னொரு பருத்திப் புடவையை, முதல் புடவையை லேசாகத் தொட்டபடி, தனியாகக் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்று காப்பாற்றும். தூளிக்குள் தலையணை, தளர்வான போர்வை எதுவும் வேண்டாம். எலாஸ்டிக் கயிறும் நாடாவும் குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. குழந்தையைத் தாலாட்டத்தான் தூளி. தூங்கியதும் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. பச்சிளம் குழந்தையையும் எடை குறைந்து பிறந்த குழந்தையையும் தூளியில் போடவே வேண்டாம்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்பதைக் கையையும் காலையும் தொட்டு முடிவு செய்யாதீர்கள். அவை இயல்பாகவே சற்றுச் சில்லென்றிருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெஞ்சு குளிர்ந்திருந்தால் அம்மாவின் வெற்று மார்போடு அணைத்து, மேலே சேர்த்துப் போர்த்துவதுதான் முதல் உதவி. அப்படியும் சூடு திரும்பாவிட்டாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிடரி வியர்த்திருந்தால் சூடு அதிகம். ஓர் உடுப்பைக் குறையுங்கள்.

நெருப்பு வேண்டவே வேண்டாம்

குளிர் தாங்கவில்லை என்று ஹேமாக்குக்குக் கீழே கரி மூட்டாதீர்கள். நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டும். அடைத்த அறையிலும் கூடாரத்திலும் கரி அடுப்பு அதைவிட மோசம். மலை ஊர்களில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பழவேற்காட்டில் சரணாலயப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்காதீர்கள். தோப்பு என்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். விடியும் முன்பே அங்கே இருளர் பெண்கள் ஏரியில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். படகுகளும் கிளம்பும். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் நேரம், விளக்கையும் பாட்டையும் அணைத்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன், இந்த வாரக் கடைசியில் மொட்டை மாடியிலோ வாசல் வேப்பமரத்திலோ ஒருமுறை கட்டிப் படுத்துப் பாருங்கள். எந்தக் கயிற்றை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டதும், கயிற்றில் ஒரு முடிச்சோ மைக்கோடோ அடையாளம் வைத்துவிட்டால், இருட்டில் தடவியே கட்டிவிடலாம்.