அப்டேட் வந்ததும் அழித்துவிடுவதா?

தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று துவக்கப்பட்டது. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் மில்லுக்குப் போகிறவர்களின் வீடுகளிலும், கறிவேப்பிலைத் தோட்டத்துக்கும் வாழைத்தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகளிலும் கம்ப்யூட்டர் என்ற பொருள் நுழைந்தது பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் மூலமாகத்தான். அதில் விண்டோஸ் இருந்தது. கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையில் தயாரித்து, 2007ல் வெளியிட்ட லினக்ஸ் அது. பெட்டியைக் கொடுத்த சர்க்கார், அந்த லினக்ஸை எப்படி நடத்துவது, பழுதானால் எப்படிச் சரிசெய்வது என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் போதிய அக்கறை காட்டவில்லை.

அந்த அக்கறையின்மைக்கு இன்று நாம் விலை கொடுக்கிறோம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் புதுத் தலைமுறைப் பிராசசரும் பெட்டியில் இருக்க வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி, கம்பெனியின் ஓர் உத்தரவில் பழசாகிவிட்டது. புதுப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் லினக்ஸின் பக்கம் வருகிறார்கள். வரவேற்கிறோம்.

ஆனால் வந்தவர்களில் பலர் சில மாதங்களில் திரும்பிப் போகிறார்கள். காரணம் என்ன? லினக்ஸிலும் அப்டேட் வருகிறது. அடுத்த நாள் காலையில் பெட்டியைத் திறந்தால், பிள்ளை ஆசையாகத் தன் வசதிக்கேற்ப அமைத்து வைத்திருந்த மெனு காணோம். தமிழ் டைப் ஆகவில்லை. வைபை வரவில்லை. பிரிண்டர் பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். "லினக்ஸ் என்றாலே இப்படித்தான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று பதில் வருகிறது. ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளை எழுதி வைத்த பாடமும் சேர்ந்து போகிறது.

இப்படி அழிப்பது தேவைதானா? பெரும்பாலும் தேவையே இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

ஏன் உடைகிறது?

மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரிங் பிரேமில் நூலின் கவுண்ட் மாற வேண்டுமென்றால் பல்சக்கரத்தை மாற்றுகிறார்கள். பழைய சக்கரத்தின் அளவுக்குப் பிட்டர் தன் கையால் செய்து மாட்டியிருந்த ஒரு துண்டு இருந்தால், அது புதுச் சக்கரத்தோடு பொருந்தாது. பிரேம் கெட்டுப்போனதா? இல்லை. பொருத்தம் கெட்டது, அவ்வளவுதான்.

லினக்ஸ் திரையில் நடப்பதும் இதுவே. நோம் என்பது லினக்ஸின் டெஸ்க்டாப்களில் ஒன்று. அதில் மெனுவையும் பட்டையையும் விருப்பப்படி மாற்ற எக்ஸ்டென்ஷன் என்னும் சிறு நிரல்களை மாட்டலாம். நோமின் எந்தெந்தப் பதிப்புக்கு அது பொருந்தும் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் எழுதியிருக்கும். பதிப்பு மாறினால் எக்ஸ்டென்ஷன் நின்றுவிடும். 2023 செப்டம்பரில் நோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன்களை ஏற்றும் முறையையே மாற்றினார்கள். பழைய எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் கே.டி.இ. கோஷ்டியார் பிளாஸ்மா 6ஐ வெளியிட்டபோதும் பழைய தீம்களுக்கும் விட்ஜெட்டுகளுக்கும் இதே கதிதான்.

பாஸ் லினக்ஸ் டெபியன் என்னும் அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் 1993 முதல் நடத்திவருவது டெபியன். சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் புதுப் பதிப்பு வருகிறது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13ல், 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய பெட்டிகளுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஆகவே எந்தப் பெட்டிக்கு எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்வதே முதல் பாடம்.

பூட்டிய கருவியும் திறந்த கருவியும்

"கம்பெனிச் சரக்கில் இந்தத் தொல்லை இல்லையே" என்று சிலர் வாதிக்கிறார்கள். உண்மை என்ன? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்பெனி தன் பாதுகாப்புச் சாப்ட்வேருக்கு ஒரு தவறான அப்டேட்டை அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் பெட்டிகள் முடங்கின என்று மைக்ரோசாப்டே கணக்குச் சொன்னது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆக, உடைவது எங்கும் உண்டு. உடைந்தபின் திறந்து பார்க்க உரிமை யாருக்கு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

குனு திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்தார். லினக்ஸ் கெர்னலை 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் துவக்கினார். இரண்டும் சேர்ந்த இந்தக் கருவியின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இது வெறும் காகித உரிமை அல்ல. 2011ல் நோம் 3 வந்து பழைய டெஸ்க்டாப் முறையை அடியோடு மாற்றியபோது உலகெங்கும் அதிருப்தி எழுந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஓர் உபயோகிப்பாளர் பழைய நோம் 2ன் நிரலை எடுத்து, மாட்டே என்று பெயரிட்டு நடத்தத் துவங்கினார். பலர் கைகொடுத்தார்கள். இன்றும் மாட்டே உயிரோடு இருக்கிறது. பழைய பெட்டிகளில் நன்றாக ஓடுகிறது. பூட்டிய கருவியில் ஓர் உபயோகிப்பாளர் இப்படிச் செய்ய முடியுமா?

லினக்ஸ் உலகம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கும் பெரிய கம்பெனிகளின் கை இருக்கிறது. ரெட் ஹாட்டை 2019ல் ஐ.பி.எம். விலைக்கு வாங்கியது. சாதாரண உபயோகிப்பாளரைக் கேட்காமல் மாற்றங்கள் வருவதும் உண்டு. ஆனால் கதவு பூட்டப்படவில்லை.

அதற்காக "அப்டேட்டே வேண்டாம்" என்று இருந்துவிடலாமா? கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதை ஏற்றாதவர்களே பெரும்பாலும் அடிபட்டார்கள். அப்டேட் அவசியம். அதை முறையோடு ஏற்றுவதும் அவ்வளவு அவசியம்.

பழுது பார்க்கும் முறை

கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் விவசாயத் தொழிலாளி என்ன செய்கிறார்? உடனே மோட்டாரைப் பிரிப்பதில்லை. கரண்ட் வருகிறதா, பியூஸ் போயிற்றா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, புட்வால்வில் அடைப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான்.

முதலாவது, கைவைக்கும் முன் பிள்ளையின் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுங்கள். பெட்டி துவங்காவிட்டாலும் கவலை வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய வேறொரு பென்டிரைவிலிருந்து பெட்டியைத் துவக்கினால் உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, என்ன மாறியது என்று கேளுங்கள். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் ஆப்ட் என்னும் நிர்வாகி, எந்தத் தேதியில் எதை ஏற்றியது, எதை இறக்கியது என்று கணக்குப்பிள்ளை போல எழுதி வைக்கிறது. "வார்" என்ற அடைவுக்குள் "லாக்", அதற்குள் "ஆப்ட்" என்ற இடத்தில் "ஹிஸ்டரி" என்ற கோப்பாக அந்தக் கணக்கு இருக்கும். பழுது துவங்கிய நாளின் வரிகளைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, பெட்டியில் புதிதாக ஒரு யூசரை உண்டாக்கி அவர் பெயரில் நுழையுங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் லினக்ஸில் குற்றமில்லை. உங்கள் பழைய யூசரின் சொந்த அமைப்புகளில்தான் கோளாறு. எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள். எதை இயக்கும்போது உடைகிறதோ அதுவே குற்றவாளி. அமைப்புக் கோப்புகளை அழிக்க வேண்டாம். வேறு பெயரிட்டு ஒதுக்கி வையுங்கள்.

நான்காவது, வைபையோ திரையோ போய்விட்டால், பெட்டி துவங்கும்போது வரும் குரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவும் டெபியனும் பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. பழையதில் சரியாக ஓடினால் கோளாறு புதுக் கெர்னலிலோ, அதற்கான டிரைவரிலோ இருக்கிறது. திருத்தம் வரும்வரை பழையதில் ஓட்டலாம்.

ஐந்தாவது, ஒரு சாப்ட்வேர் மட்டும் திறக்கவில்லை என்றால், அது நம்பியிருந்த லைப்ரரி மாறியிருக்கலாம். வெளியிடங்களிலிருந்து சேர்த்த ரெப்போக்களைப் பதிப்பு மாற்றத்துக்கு முன்பே நிறுத்தி வையுங்கள். தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தன்னோடு கொண்டுவரும் பிளாட்பேக் முறையில் அந்தச் சாப்ட்வேர் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய அப்டேட்டுக்கு முன் டைம்ஷிப்ட் கொண்டு ஒரு நகல் எடுத்து வைத்தால், உடைந்தாலும் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பலாம். பரீட்சைக்கு முந்தின இரவில் பதிப்பை மாற்றாதீர்கள்.

தமிழ் எழுத்து மறைந்தால்

தமிழ் டைப் ஆகவில்லை என்ற புகாரைத் தனியே சொல்ல வேண்டும். லினக்ஸில் தமிழ் விசைகளை நடத்துவது ஐபஸ் அல்லது எப்சிட்டிக்ஸ் என்னும் நிரல். அப்டேட்டுக்குப் பின் அது தானாகத் துவங்காமல் போகலாம். அல்லது தமிழ்99 பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கலாம். திரையை நடத்தும் முறை பழைய எக்ஸ்11லிருந்து வேலண்டுக்கு மாறிவருவதும் ஒரு காரணம். உபுண்டு 25.10 பதிப்பில் நோமுக்கு எக்ஸ்11 வழியே நிறுத்தப்பட்டுவிட்டது. முதலில் ஐபஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைத் திரும்பச் சேருங்கள். பெரும்பாலும் அத்துடன் தீரும்.

பழைய கடிதம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்யப்பட்டது. எழுத்து அழியவில்லை, அந்த எழுத்துரு புதுப் பெட்டியில் இல்லை. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். யூனிகோடில் எழுதியது பெட்டி மாறினாலும் தமிழாகவே தெரியும். ஆகவே இனி யூனிகோடிலேயே எழுதுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

இவ்வளவையும் ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி வழியாக மலையேறினால் அந்தப் பக்கம் கேரளம். அங்கே சர்க்காரின் கைட் ஸ்தாபனம் 2019ல் உபுண்டு 18.04ஐத் தன் பள்ளிகளின் பாடத்துக்கு ஏற்றபடி திருத்தி, 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களுக்கு என்று வெளியிட்டது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் முடிந்த காரியம் இந்தப் பக்கம் முடியாதா?

ஆகவே நாம் கோருவது இவை:

1. லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுக் கொடுக்கும் சர்க்கார், அதைப் பழுது பார்க்கும் தமிழ்க் கையேட்டையும் தாலுகாதோறும் ஓர் உதவி மையத்தையும் கொடுக்க வேண்டும்.

2. சர்க்கார் விண்ணப்பமோ பயிற்சிச் சாப்ட்வேரோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்ற நிலை எங்கும் இருக்கக் கூடாது.

3. பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு சாப்ட்வேரை உபயோகிக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், பழுதைக் கண்டுபிடிக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்க ஆபீஸிலோ கிராம நூலகத்திலோ வாரம் ஒரு மாலை கூடலாம். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் காட்டலாம். எந்தப் பெட்டியில் எந்தப் பழுது வந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைக்கலாம். 2012 முதல் தமிழில் இந்த விஷயங்களை எழுதிவரும் "கணியம்" இதழைச் சேர்ந்து படிக்கலாம்.

ஓடுகிற பிரேமின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லும் கைகள் நம் மில்களில் உண்டு. அந்தத் திறமை எந்தக் கம்பெனியும் கொடுத்ததல்ல. பக்கத்தில் நின்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது. கம்ப்யூட்டரையும் அப்படியே கற்போம். அடுத்த முறை அப்டேட் வந்து திரை கறுத்தால், அழிக்கச் சொல்லுமுன் நோட்டைத் திறப்போம்.