கண்ணில் பூ விழுவதற்கு முன்னால்

ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் போகும் வழியில் சத்திரப்பட்டி வரும். தறிச் சத்தம் ஓயாத ஊர். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி இங்கே நெய்யப்பட்டு எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதே வட்டாரத்தின் காடு கரைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஏற்படும் ஒரு காயத்துக்கு மட்டும் எந்தக் கட்டுத் துணியும் உதவாது. கண்ணின் கருவிழியில் விழும் கீறல் அது.

கீறல் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது தோகை சடாரென்று முகத்தில் அடிக்கும். நெல் தூற்றும்போது சுணை பறந்து விழும். வேலிக்கருவை வெட்டும்போது சின்னச் சிராய் தெறிக்கும். பால் கறக்க உட்கார்ந்தால் மாடு வாலைச் சுழற்றி அடிக்கும். "ஒண்ணுமில்ல, தூசிதான்" என்று சேலை முந்தியைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் போய்விடும். போகாதபோதுதான் சிக்கல். சில நாட்களில் கண் சிவக்கும், நீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். விட்டால் அது பரவும், ஓட்டை விழுந்து கண்ணே போனாலும் போகும். நல்லபடியாக ஆறினாலும் வெண்தழும்பு நின்றுவிடும். ஊரில் அதைத்தான் "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்கிறார்கள்.

இந்தப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். மண்ணிலும் அழுகிய தட்டையிலும் வாழும் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள்தான் வயல்காட்டுக் காயத்தில் முக்கியமான குற்றவாளிகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு புண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மருந்து மட்டும் முற்றிலும் வேறு. பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

மருத்துவ இதழ்களில் பூஞ்சைக் கண்புண்ணுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 2006-ல் அமெரிக்காவில் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களிடையே திடீரென ஃபியூசேரியம் புண் காணப்பட்டது. உறுதி செய்யப்பட்டவர்கள் 164 பேர். சிங்கப்பூரிலும் அதே காலத்தில் பலருக்கு வந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் புலனாய்வில் இறங்கியது, செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின, சந்தேகத்துக்கு உள்ளான லென்ஸ் கழுவும் திரவம் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. நியாயமான நடவடிக்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை என்ற ஒரே இடத்துக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், பூஞ்சை மட்டுமே காரணம் என்று தெரிந்தவர்கள் 139 பேர். அதில் ஏறக்குறைய பாதி ஃபியூசேரியம். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். அமெரிக்கா முழுவதும் சேர்த்துப் பரபரப்பான எண்ணிக்கையை மதுரையின் ஒரு மருத்துவமனை ஒரு பருவத்திலேயே கிட்டத்தட்ட எட்டிவிட்டது. அதற்காக யாரும் எதையும் திரும்பப் பெறவில்லை. மக்காச்சோளத் தோகையைத் திரும்பப் பெற முடியுமா என்ன?

எது "அபூர்வ நோய்" என்பது நோயை மட்டும் பொறுத்ததல்ல, எண்ணுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. மதுரை மாவட்டத்தில் 1993-ல் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் அதே கணக்கு 11. பத்து மடங்கு வித்தியாசம். பின்னர் திருநெல்வேலியில் 1999 முதல் 2002 வரை வந்த 3,183 நோயாளிகளைப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்குப் பூஞ்சை இருந்தது. ஆலங்குளமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. ஆனி ஆடிக் காற்று வீசும் வயல்கள்தான் இங்கேயும்.

நோயாளிகள் இங்கே இருந்தால் கேள்வியையும் இங்கேதானே கேட்க வேண்டும்? நல்லவேளையாக, கேட்டார்கள்.

பூஞ்சைக் கண்புண்ணுக்குப் பல காலமாக இருந்த மருந்து நேட்டமைசின். 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது. பாலாடைக் கட்டியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் இதையே தடவுகிறார்கள். பழைய மருந்து, கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவாது என்று ஒரு குறையும் இதன்மேல் உண்டு. 2000-களில் வோரிகோனசோல் வந்தது. உடலின் உள்ளுறுப்புகளைத் தாக்கும் பூஞ்சைக்கு மிக நன்றாக வேலை செய்த மருந்து. ஊசி மருந்தைக் கரைத்துக் கண்ணுக்குச் சொட்டாகப் போட ஆரம்பித்தார்கள். நன்றாக ஊடுருவுகிறது என்றார்கள், ஆய்வகத் தட்டில் பூஞ்சையைக் கொல்கிறது என்றார்கள். தனித்தனி நோயாளிகளைப் பற்றிய வெற்றிக் கதைகள் இதழ்களில் வந்தன. கருவிழி நிபுணர்கள் பலர் புதியதன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

இங்கேதான் ஒற்றை நோயாளிக் கதையின் அருமையும் ஆபத்தும் தெரியும். ஒரு வினோதமான நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதும் குறிப்பு, "இப்படியும் நடக்கலாம், கவனியுங்கள்" என்று எச்சரிக்கும். அதற்கு அது போதும். "இந்த மருந்துதான் நல்லது" என்று முடிவுகட்டுவதற்குப் போதாது. பிழைத்த கண்ணைப் பற்றித்தான் யாரும் ஆசையாக எழுதுவார்கள். அதே மருந்து போட்டும் போய்விட்ட கண் இதழ் வரைக்கும் வருவது குறைவு.

ஆகவே அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2010-ல் ஓர் ஒப்பீட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். மதுரை, கோவை, புதுச்சேரி ஆகிய மூன்று ஊர் மருத்துவமனைகளில், நுண்ணோக்கியில் பூஞ்சை உறுதியான 323 பேர் சேர்ந்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. நோயாளிக்கும் தெரியாது, கண்ணைச் சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

"நம்ம ஜனங்கள வெச்சு சோதன பண்றாங்களா?" என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். எழ வேண்டிய கேள்விதான். இந்தியாவில் மருந்துப் பரிசோதனைகள் மீது வந்த புகார்கள் எல்லாமே கற்பனை அல்ல; அதனால்தான் முன்பதிவும் நஷ்டஈடும் சட்டத்துக்குள் வந்தன, 2019-ல் புதிய விதிகள் வந்தன. ஆனால் இந்த ஆய்வை நிறுத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆய்வு இல்லாவிட்டாலும் இரண்டில் ஒன்றை மருத்துவர் தம் நம்பிக்கைப்படி போட்டுக்கொண்டேதான் இருந்திருப்பார். அதுவும் சோதனைதான், கணக்கு வைக்காத சோதனை. கணக்கு வைத்ததால் தவறு சீக்கிரம் பிடிபட்டது. நடுவே தரவுகளைப் பார்த்த சுதந்திரமான பாதுகாப்புக் குழு, திட்டமிட்ட எண்ணிக்கை நிறைவதற்கு முன்பே போதும் என்று சொல்லிவிட்டது.

தோற்றது புதிய மருந்து. 2013-ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நேட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும் அவசரமாக மாற்றுக் கருவிழி வைக்க நேர்வதும் குறைவாக இருந்தன. ஃபியூசேரியம் வந்தவர்களிடம் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது: கண் டாக்டர் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் ஏறக்குறைய நான்கு வரி. நான்கு வரி என்பது பஸ் போர்டைப் படிக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் உள்ள தூரம். மற்றப் பூஞ்சைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. தீவிரப் புண்ணுக்கு வோரிகோனசோல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்விலும் பெரிய பலன் தெரியவில்லை. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் நேட்டமைசினை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

ஆக, தமிழ்நாட்டு விவசாயக் கூலிகள் தங்கள் கண்ணைக் கொடுத்துக் கண்டுபிடித்த பதில் இது. உலகம் முழுவதும் கருவிழி மருத்துவர்கள் இன்று அதைப் படிக்கிறார்கள். அந்தப் பதில் ஆலங்குளத்துக்கு எப்போது வரும் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

தோகை பட்ட கண் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போவதற்குள் என்னென்ன நடக்கிறது? முதல் நாள் தாய்ப்பால் விடுவார்கள், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் மெடிக்கலில் போய் "கண்ணு செவந்திருக்கு, சொட்டு குடுங்க" என்பார்கள். கடைக்காரர் கொடுப்பது பல நேரங்களில் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆனாலும் மக்கள் அதை விரும்புவார்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு பட்டதும் சிவப்பு குறையும், வலி தணியும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. எதிர்த்து நிற்கும் உடலின் காவலையே ஸ்டீராய்டு படுக்க வைத்துவிடுகிறது. "கேட்டுச்சு, அப்புறம் திடீர்னு கூடிப்போச்சு" என்று சொல்வது இதனால்தான். பாக்டீரியாப் புண்ணில் முறையான ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்றிலேயே, 500 பேரில் பெரும்பாலும் இந்திய நோயாளிகளிடம், மொத்தத்தில் பார்வை கூடியதாகத் தெரியவில்லை. பூஞ்சையா, பாக்டீரியாவா என்றே தெரியாத கண்ணில் அதை ஊற்ற என்ன நியாயம் இருக்கிறது?

தெரிந்துகொள்வது கஷ்டமான காரியமும் அல்ல. மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். சளியில் காசநோய்க் கிருமியைப் பார்க்கும் நுண்ணோக்கி பல அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கண்ணைச் சுரண்டப் பழகிய கை வேண்டும், இழையை அடையாளம் காணப் பழகிய கண் வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டம் ஒன்றும் தேவையில்லை. கண் மருத்துவர் இருக்கும் ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் இந்தச் சோதனையும், குளிர்பெட்டியில் நேட்டமைசின் சில பாட்டில்களும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

இன்னொரு யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது: ஊருக்கு ஒரு பணியாளரைப் பழக்கி, கீறல் விழுந்த உடனே ஆன்டிபயாட்டிக் களிம்பு போடச் செய்தால் புண்ணே வராது என்பது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த பழைய ஆய்வு இதற்கு நம்பிக்கை தந்தது. சீக்கிரம் களிம்பு போட்டவர்கள் தப்பித்தார்கள். ஆனால் அதே நாட்டில் கிராமங்களைக் குலுக்கிப் பிரித்துப் பெரிய அளவில் செய்த ஆய்வு 2022-ல் வெளியானபோது, பணியாளர் இருந்த கிராமங்களில் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. கேட்க நன்றாக இருக்கும் திட்டத்துக்கும் இதே குலுக்கல் சோதனை வேண்டும் என்பதற்கு இது ஒரு சாட்சி. களிம்பு கெடுதல் என்று அர்த்தமில்லை. அதை மட்டும் நம்பி, சொட்டு மருந்து விற்பனையையும் தாமதத்தையும் கண்டுகொள்ளாமல் விட முடியாது, அவ்வளவுதான்.

இவ்வளவும் சரியாக நடந்தால்கூட ஒரு கஷ்டம் பாக்கி இருக்கிறது. அந்த 323 பேருக்கும் மருந்து போட்ட முறை இது: முதல் ஒரு வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அதன்பிறகு மூன்று வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. ஆய்வுக் கட்டுரையில் இது ஒன்றரை வரி. கதிர் ஒடிப்பு நடக்கும் வாரத்தில், தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருப்பது. வலி குறைந்த நான்காம் நாளே அவர் காட்டுக்குத் திரும்பிவிடுவார், பாட்டில் மாடக்குழியில் இருக்கும். காசநோயாளிக்கு மாதம்தோறும் அரசு ஊட்டச்சத்துப் பணம் தருகிறது. கருவிழிப் புண்ணோடு மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கூலியில் ஒரு பங்காவது தரலாமா என்று இதுவரை எந்தத் துறையும் பேசத் தொடங்கவில்லை.