பித்து வரைந்ததன்று

கனவையும் நினைவையும் மனத்தின் கலக்கத்தையும் கந்தல் துணியிலும் கிழிந்த தாளிலும் தைத்தும் ஒட்டியும் காட்டும் கலையைக் கண்டவுடன், பித்துப் பிடித்தாலன்றி இப்படித் தோன்றாது என்று வியப்பார் உளர். பழிப்பாரும் அதையே சொல்வர். இருசாராரும் நோயைக் காண்கின்றனர். உழைத்த கையைக் காண்பதில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மனநோய் மருத்துவமனையில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்னும் மருத்துவர் 1919 முதல் பல காப்பகங்களிலிருந்து ஏறத்தாழ 5,000 படைப்புகளைத் திரட்டினார். 1922இல் அவர் வெளியிட்ட நூலை ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பாரிசுக்குக் கொண்டு சென்றார். சர்ரியலிசக் கலைஞர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். கொண்டாடியது எதை? பித்தை! 1930இல் ஆந்த்ரே பிரெத்தோனும் பால் எலுவாரும் மனநோயாளரின் பேச்சைப் பாவித்து ஒரு நூலே எழுதினர். எழுதி முடித்தபின் அவர்கள் காப்பிக் கடைக்குப் போகலாம். காப்பகத்தில் பூட்டப்பட்டவர் எங்கே போவார்?

அத்தொகுப்பில் இடம்பெற்ற ஃபிரான்ஸ் கார்ல் பூலர் இரும்புக் கொல்லர். 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இரும்பு வேலைப்பாடு பரிசு பெற்றது. 1898இல் அவர் காப்பகம் புகுந்தார். கோட்டின் வளைவை அவருக்குக் கற்பித்தது பட்டறையா, பித்தா?

அக்னெஸ் ரிக்டர் தையற்காரர். காப்பகத்தின் முரட்டுத் துணியில் 1895இல் தமக்கென ஒரு மேற்சட்டை தைத்து, அதன் உள்ளும் புறமும் வண்ண நூலால் தம்மைப் பற்றிய சொற்களை நிறைத்தார். எல்லார்க்கும் ஒரே துணி தரும் இடத்தில் அது தம்முடையது என்று சொல்ல அவருக்கு ஊசியன்றி வேறு நாவில்லை. பலபொருட் கலப்பு என்று இன்று ஓவியப் பள்ளிகள் கற்பிப்பது அங்கே பாணியன்று, பஞ்சம். வெற்றுத்தாள் கிடைக்காதவர் பொதிதாளிலும் செய்தித்தாளிலும் வரைந்தனர்.

எம்மா ஹௌக் 1909இல் ஹைடல்பெர்க் மருத்துவமனையிலிருந்து தம் கணவரை வரச்சொல்லி எழுதினார். அவ்வழைப்பையே மேன்மேலும் எழுதித் தாள் கறுத்தது. கடிதங்கள் அனுப்பப்படவில்லை. இன்று அவற்றைக் கனவோவியம் என்று கண்டு களிப்போர், ஒருத்தி கணவருக்கு எழுதிய கடிதம் அது என்பதை மறக்கலாமா?

நோயில்லையேல் இக்கலை ஏது என்பர் சிலர். காப்பகங்களில் அடைபட்டோரில் வரைந்தோர் மிகச் சிலரே. நோயே ஓவியரை ஆக்குமெனில் காப்பகமெல்லாம் ஓவியக்கூடமாகியிருக்க வேண்டுமன்றோ?

இது வெறுஞ் சொற்போர் அன்று. 1937இல் நாஜிகள் மியூனிக்கில் தொடங்கிய ‘சீரழிந்த கலை’ கண்காட்சி, 1938 முதல் ஊர் ஊராகச் சென்றபோது, ஹைடல்பெர்க் படைப்புகள் புத்தோவியர் படைப்புகளோடு சேர்த்து எள்ளலுக்கு வைக்கப்பட்டன. பாரிசுக் கவிஞரைக் கொலைஞரோடு ஒப்பிடுதல் அறமாகாது. ஆயினும் இக்கலை பித்தின் விளைவே என்னும் ஒரே கூற்று பாரிசில் புகழாரமாயிற்று, ஜெர்மனியில் குற்றச்சாட்டாயிற்று. 1940 மார்ச்சில் பூலர் கிராஃபெனெக்கில் கொல்லப்பட்டார். அவ்வாண்டில் அங்கே நச்சுவாயுவால் மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர்.

பிரின்ஸ்ஹார்ன் தம் நூலில் பூலரை மாற்றுப்பெயரால் குறித்திருந்தார். 2001இல் அத்தொகுப்புக்கென ஹைடல்பெர்க்கில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கொல்லர் பூலர் இன்று சொந்தப் பெயரால் அறியப்படுகிறார். ரிக்டரின் சட்டையிலுள்ள சொற்களில் பல இன்னும் படிக்கப்படவில்லை.