ஒரே பவுடர், வேற வேற வேலை: வெயிலை எரிபொருளாக்கும் படிகத்தில் 'பட்டை' ஏன் முக்கியம்?

கடலூர் மாவட்டத்தில் மின்சாரம் என்றால் நெய்வேலி, கெமிக்கல் என்றால் சிப்காட். அதே மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷமாக நடப்பது வேறு ஆராய்ச்சி: வெள்ளைப் பவுடரையும் வெளிச்சத்தையும் வைத்து சாயத்தைச் சிதைப்பது. டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு போன்ற இந்தப் பவுடர்கள்தான் ஒளி வினையூக்கிகள்.

இதே வித்தையில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எரிபொருளும் எடுக்கலாம். 1972லேயே ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதைக் காட்டிவிட்டார்கள். அப்புறம் ஏன் இன்னும் கைக்கு வரல?

வெளிச்சம் பட்டதும் துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் கிளம்பும், அது இருந்த இடம் காலியாகும். எலக்ட்ரான் ஹைட்ரஜனைத் தரும், காலியிடம் ஆக்சிஜனைத் தரும். ஆனால் ரெண்டும் கண்ணிமைக்கும் முன்பே திரும்பச் சேர்ந்துவிட்டால், வெயில் வெறும் சூடாகப் போய்விடும்.

இவற்றைப் பிரித்து வைப்பதில் படிகத்தின் வடிவம் கைகொடுக்கிறது. கல்லுப்பை உற்றுப் பாருங்க, ஆறு பக்கமும் ஒரே மாதிரி. எல்லாப் படிகமும் அப்படி இல்லை. பட்டைக்குப் பட்டை அணுக்களின் அடுக்கு மாறும். பிஸ்மத் வனடேட் படிகத்தில் எலக்ட்ரான் ஒரு பட்டைக்கும், காலியிடம் வேறொரு பட்டைக்கும் ஒதுங்குவதை 2013ல் சீன விஞ்ஞானிகள் கண்டார்கள்.

வேண்டிய பட்டையை வளர்ப்பதுதான் தலைவலி. ஆற்றல் அதிகமுள்ள பட்டை வேகமாக வளர்ந்து, தானே மறைந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகையில் 94 சதவீதத்துக்கு மேல் மந்தமான பட்டைதான். 2008ல் மற்றதை 47 சதவீதமாக்கிக் காட்டினார்கள். ஆனால் அதற்குத் தேவைப்பட்டது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் எலும்பு வரை போகிற சமாச்சாரம் அது. 2009ல் மத்திய அரசின் மோசமான மாசுப் பகுதிகள் பட்டியலில் இடம்பிடித்த கடலூர் இதைக் கேட்டு முகம் சுளித்தால் தப்பில்லை.

2020ல் ஜப்பானில் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தில் ஹைட்ரஜனுக்கு ஒரு பட்டை, ஆக்சிஜனுக்கு வேறு பட்டை என்று துணை வினையூக்கிகளைப் பொருத்தினார்கள். புறஊதா ஒளியில் சுமார் 96 சதவீதம் வீணாகாமல் வேலை செய்தது. பிரமாதம்தான். ஆனால் அதே வகைப் பொருளை 100 சதுர மீட்டருக்கு விரித்து நிஜ வெயிலில் வைத்தபோது கிடைத்தது அதிகபட்சம் 0.76 சதவீதம். வெயிலில் புறஊதா கொஞ்சம்தானே! மொட்டை மாடி சோலார் பேனல் 20 சதவீதம் தருகிறது.

2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இந்தியாவின் திட்டமும் இப்போதைக்கு நம்பியிருப்பது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசரைத்தான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் உறிஞ்சி, பட்டைகளும் சரியாக அமைந்த பொருள் கிடைக்கும்வரை பவுடர் ஹைட்ரஜன் லேபை விட்டு வெளியே வருவது கஷ்டம்.