தொடைக்கு வேலை கொடுங்கள்
முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பும் அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் தாங்குவதை அன்பு என்று நினைக்கிறோம். அது அவர் காலைக் கெடுக்கிறது. புது மூட்டு வெறும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். அதை நடத்துவது முன்தொடைத் தசை. அறுவைக்குப் பின் சட்டென்று வற்றுவதும் அதுவே. முழங்காலை மெத்தையில் அழுத்தி ஐந்து நொடி இறுக்கிப் பிடிப்பதும் குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவதும் படுத்தபடியே செய்யக்கூடியவை. இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். பிறகு கால் முழுதாக நீட்ட வராது. படியேற நல்ல கால் முதலில், இறங்க அறுவை செய்த கால். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இயன்முறை சிகிச்சைக்குக் காசில்லையா? தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.