‘உங்களுக்கு இது போதும்’

பனிச்சறுக்குக் கடைகளில் சப்பாத்துகளை இரண்டு சுவர்களில் அடுக்கியிருப்பார்கள். ஒரு சுவர் ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. இரண்டுக்கும் நிறம் மட்டும்தான் வேறு என்றால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. பெண்களின் சுவரில் நிற்கும் ஒவ்வொரு சப்பாத்தும் நமது பலம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு, நாம் எந்தச் சரிவுவரை போவோம் என்பதையெல்லாம் நம்மைப் பார்க்காமலே முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவை ஓர் இலக்கமாகச் சப்பாத்தின் மீதே அச்சடித்தும் விடுகிறார்கள்.

நான் வாழ்வது சுவிற்சர்லாந்தில். குளிர்காலத்தில் சில நாட்கள் லிப்டில் ஏறி, சீர்செய்த பாதைகளில் சறுக்கி இறங்குவேன். வேறு சில நாட்களில் லிப்ட் இல்லாத மலைகளுக்குப் போவேன். பலகையின் அடியில் வழுக்காத ஒட்டுப்பட்டையை ஒட்டி, சொந்தக் காலால் ஏறி, உச்சியில் அதை உரித்துவிட்டு இறங்குவேன். இந்த இரண்டாவது வகையை இங்கே ஸ்கிடூர் என்பார்கள். இரண்டுக்கும் வெவ்வேறு சப்பாத்து வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு சோடியின் விலையே பல நூறு பிராங். அதனால் நம்மில் பலர் இரண்டுக்கும் உதவும் ஒரே சோடியைத் தேடுகிறோம்.

அந்தத் தேடலில் இயல்பாகவே ஒரு முரண் உண்டு. ஏறும்போது கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக அசைய வேண்டும். சப்பாத்து இலேசாக இருக்க வேண்டும். இறங்கும்போது அதே சப்பாத்து பூட்டிக்கொண்டு, காலோடு ஓர் உடலாக விறைத்து நிற்க வேண்டும். ஏற்றத்துக்கென்றே செய்த இலேசான சப்பாத்து ஒன்றின் எடை ஏறத்தாழ 1000 முதல் 1200 கிராம். இரண்டுக்கும் உதவுவது 1400 முதல் 1700 கிராம். லிப்ட் பாதைக்கான சப்பாத்து பெரும்பாலும் 2 கிலோ அல்லது அதற்கும் மேல். ஒரு காலுக்கு 200 கிராம் கூடினால் என்ன என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிக்கு 15 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 1000 மீற்றர் ஏற 6,600க்கும் மேற்பட்ட அடிகள் வேண்டும். அந்த 200 கிராமை ஒவ்வொரு காலும் 3,300 தடவை முன்னே நகர்த்துகிறது. ஆகவே எடைக்கும் விறைப்புக்கும் இடையில் எங்கே நிற்பது என்பது ஏறி இறங்குபவர் தானே எடுக்க வேண்டிய முடிவு. பெண்களுக்கு அந்த முடிவைக் கடை எடுத்துவிடுகிறது.

விறைப்பைச் சொல்லும் இலக்கத்தின் பெயர் ஃபிளெக்ஸ். கணைக்காலால் சப்பாத்தின் முன்பக்கத்தை அழுத்தித்தான் நாம் பலகையை வழிநடத்துகிறோம். அந்த அழுத்தத்தைச் சப்பாத்து எவ்வளவு தாங்கி நிற்கும் என்பதை ஃபிளெக்ஸ் காட்டுகிறது. பெண்களின் சுவரில் இது பெரும்பாலும் 80 முதல் 115 வரை. ஆண்களின் சுவரில் 100 முதல் 130 வரை, சில மாதிரிகளில் அதற்கும் மேல். எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் இதற்குக் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 110 இன்னொன்றின் 100 ஆக இருக்கலாம். இவ்வளவு தளர்வான ஓர் இலக்கத்தை வைத்துத்தான் நம்மை இவ்வளவு உறுதியாக வகைப்படுத்துகிறார்கள்.

ஒரு கடையில் விற்பனையாளர் என்னைக் கண்டவுடன் 90 இலக்கச் சப்பாத்தை எடுத்து வந்தார். என் நிறையைக் கேட்கவில்லை. எத்தனை வருடமாகச் சறுக்குகிறேன், முதுகில் எவ்வளவு சுமப்பேன், எந்த மலைகளுக்குப் போவேன் என்று எதையும் கேட்கவில்லை. ‘உங்களுக்கு இது போதும்’ என்றார். என்னோடு வந்த நண்பர் அந்த வருடம்தான் சறுக்கப் பழகத் தொடங்கியிருந்தார். அவருக்கு 120ஐக் காட்டினார். ஒரே பார்வையில் இரண்டு பேருக்கும் பொருந்தாத சப்பாத்து. பழகுபவர் ஒருவர் 120ஐ வளைக்க முடியாமல் தன் காலோடு தானே மல்லுக்கட்டுவார். ஆண் என்ற சீட்டு அவருக்கும் நன்மை செய்யவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இன்னொன்றும் இருந்தது: கறுத்த பெண் பனிமலைக்குப் புதிதாகத்தான் இருப்பாள் என்ற முன்தீர்மானம். அதையும் அந்த 90க்குள்தான் சேர்த்து வைத்திருந்தார்.

‘பெண்ணின் உடல் வேறுதானே?’ என்று கேட்பார்கள். சில விடயங்களில் வேறுதான். பல பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை ஆண்களைவிடக் கீழே தொடங்குகிறது. உயரமான சப்பாத்தின் மேல்விளிம்பு அந்தத் தசையில் இறுகி, காலை முன்னோக்கித் தள்ளும். இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் விறைக்கும். அதனால் மேற்பகுதியைத் தாழ்த்தி, வாயை அகட்டி, குதிக்காலை ஒடுக்கிச் செய்த சப்பாத்து பலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. அது அளவு. அளவை நான் வரவேற்கிறேன். ஆனால் தாழ்ந்த மேற்பகுதி வேண்டுமென்றால் கூடவே மென்மையான பிளாஸ்டிக்கையும் வாங்கிக்கொள் என்பது அளவில் சேராது. கெண்டைக்காலின் வடிவத்துக்கும் சறுக்கும் திறமைக்கும் என்ன தொடர்பு?

விறைப்பு நிறையைப் பொறுத்தது, பழக்கத்தைப் பொறுத்தது, கணுக்கால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பொறுத்தது, முதுகுச் சுமையையும் பனியின் தன்மையையும் பொறுத்தது. 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 130 தேவைப்படாமல் இருக்கலாம். அவர் ஆணாக இருந்தாலும் அதுதான் விதி. 75 கிலோ நிறையுள்ள, முதுகில் 10 கிலோ சுமந்து இறங்கும் பெண்ணுக்கு 90 கொடுத்தால் அது கனத்த பனியில் மடிந்துபோகும். மடிந்தால் முன்பக்கத்தை நம்ப முடியாமல் அவள் பின்னே சாய்வாள். தொடைகள் எரியும். உடல் பாரம் பின்னே போன நிலையில் விழுவது முழங்காலின் முன் சிலுவைத் தசைநாருக்கு ஆபத்தான விழுதல்களில் ஒன்று. அந்தத் தசைநார் கிழிவது பெண் சறுக்காளர்களிடம் ஆண்களைவிடக் கூடுதலாக நடக்கிறது. இதற்கு உடலியல் உட்படப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் சப்பாத்தின் மீது போடமாட்டேன். ஆனால் ஆபத்து நம்மிடம் கூடுதல் என்று தெரிந்த பிறகும் பொருத்தத்தைப் பால் பார்த்துத் தீர்மானிப்பது கவனக்குறைவு.

‘விறைப்பான சப்பாத்தைப் பெண்கள் வாங்குவதில்லை’ என்பது அடுத்த வாதம். வைக்காத பொருளை யார் வாங்குவது? நடக்கவும் இறங்கவும் உதவும் மிக விறைப்பான மாதிரிகள் பலவற்றை 24.5 அல்லது 25.5 அளவிலிருந்துதான் செய்கிறார்கள். இந்த அளவு பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வது. என் பாதம் 23. எனக்கு முன்னால் இரண்டு வழிகள்: பொருந்தும் மென்மை அல்லது பொருந்தாத விறைப்பு. பெரிய சப்பாத்தில் ஒவ்வோர் அடியிலும் குதிக்கால் எழும்பும், கொப்புளம் வரும், இறக்கத்தில் பலகை சொல் கேட்காது. கடைசியில் மென்மையானதையே வாங்குகிறோம். அந்த விற்பனைக் கணக்கைத்தான் நமது விருப்பத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். விலைச்சீட்டில் மட்டும் மென்மை கிடையாது.

இந்தத் தர்க்கத்துக்கு மலைகளில் நீண்ட வரலாறு உண்டு. சுவிஸ் அல்பைன் கழகம் 1907இல் பெண்களை வெளியே நிறுத்தியது. பெண்கள் 1918இல் தங்களுக்கென்று தனிக் கழகம் தொடங்கி, தாங்களே மலையேறினார்கள். இரண்டு கழகங்களும் இணைந்தது 1980இல். அதாவது இந்த நாட்டுப் பெண்கள் 1971இல் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை பெற்று ஒன்பது வருடங்கள் கழித்து. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1924 முதல் பனிச்சறுக்குப் பாய்ச்சலில் பங்குபற்றினார்கள். பெண்களுக்கு அந்தக் கதவு 2014இல் திறந்தது. நமது உடல் தாங்காது என்பதும் அந்த 90 வருடங்களில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் ஏறி இறங்கும் மலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பெண்களுக்கும் ஆண்களுக்கும் போட்டி இருந்தது. அதே ஒலிம்பிக்கில் நோர்டிக் கம்பைன்ட் என்ற போட்டி ஆண்களுக்கு மட்டுமே. ‘உங்களுக்கு இது போதும்’ என்று சொன்ன விற்பனையாளர் இந்த வரலாற்றைப் படித்திருக்கத் தேவையில்லை. அது அவருடைய கடைச் சுவரிலேயே இருக்கிறது.

நமது வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமுக்கு மகனை அனுப்பி, மகளுக்குச் சாக்குச் சொன்ன தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு மலை என்னத்துக்கு’ என்ற கேள்வியும் ‘உங்களுக்கு இது போதும்’ என்ற பதிலும் வெவ்வேறு மொழிகளில் ஒன்றையே சொல்கின்றன.

ஆகவே, கடைக்குப் போகும் தோழிக்கு நான் சொல்வது இதுதான். சீட்டைப் பார்க்காதே, அளவைக் கேள். நின்ற நிலையில் இரண்டு பாதங்களின் நீளத்தையும் அகலத்தையும் அளக்கச் சொல். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடு. விரல்கள் முன்னே தொடும்போது குதிக்காலுக்குப் பின்னே ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் நல்லது. பெரும்பாலான சப்பாத்துகளில் அரை அளவுக்கென்று தனி ஓடு கிடையாது, 23க்கும் 23.5க்கும் ஓடு ஒன்றே. பிறகு மெல்லிய ஒற்றைக் காலுறையோடு போட்டுப் பார். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மேல்விளிம்பு கெண்டைக்காலில் இறுகுகிறதா என்று பார். நடக்கும் நிலைக்கு மாற்றிப் படியேறு. பூட்டிய நிலையில் முன்னே அழுத்து: மெதுவாக எதிர்த்து வளைய வேண்டும்; சட்டென்று மடிந்தாலும், அசையவே மறுத்தாலும் அது உன் சப்பாத்து அல்ல. பனிக்குளிரில் பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும் என்பதையும் நினைவில் வை. அரை மணி நேரமாவது கழற்றாதே. எங்காவது நோகும் இடம் இருந்தால் ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தைத் தள்ளிவிட முடியும். பெரிதாக இருக்கும் ஓட்டைச் சிறிதாக்க முடியாது. ஏறுவதற்கான பைண்டிங்கின் ஊசிகள் பொருந்தும் குழிகள் முன்னும் பின்னும் உள்ளனவா, உன் லிப்ட் பாதைப் பலகையின் பைண்டிங் இந்த அடிப்பாகத்தை ஏற்குமா என்று கேட்டு உறுதிசெய். எழுத்துச் சரியாகத் தெரியாத பதிலை ஏற்காதே. ஆண்களின் சுவரில் உன் அளவு இருந்தால் அங்கேயும் போட்டுப் பார். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

செய்பவர்களிடமும் விற்பவர்களிடமும் நாம் கேட்பது பெரிய விடயமல்ல. எல்லா விறைப்பையும் எல்லா அளவிலும் செய்யுங்கள். தாழ்ந்த மேற்பகுதியைத் தேவைப்படும் யாரும் எடுக்கட்டும். குட்டைக் கால் ஆண்களும் எடுக்கட்டும். சுவரை நீளம், அகலம், விறைப்பு, எடை என்று பிரியுங்கள். எனக்கு எது போதும் என்பதை, மலையில் ஏறி இறங்கும் நான் சொல்கிறேன்.