கடற்பசுவைத் துரத்தலாமா?

காஞ்சிபுரம் பக்கத்துக் குட்டீஸ் பலர் பள்ளிச் சுற்றுலாவாக வேடந்தாங்கல் போயிருப்பீர்கள். அங்கே ஏரிக்கரையில் நின்றுதான் பறவைகளைப் பார்க்க வேண்டும். பறவைகள் பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை!

ஆனால், கடலில் வாழும் உயிர்களைப் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். சிறிய கப்பல்களில் தீவு தீவாகச் சென்று திமிங்கிலம், டால்பின், ஆமை பார்ப்பது இன்று உலகெங்கும் பெரிய சுற்றுலாத் தொழில். நம் ராமேஸ்வரம் - தூத்துக்குடி கடலிலும் தீவுக்கூட்டம் உண்டு. மொத்தம் 21. அதில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. 1986-ல் இது தேசியப் பூங்கா ஆனது. அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக் கூடாது.

இதற்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை, 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

கடற்பசு மீன் அல்ல, பாலூட்டி. கடற்புல்தான் அதன் உணவு. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும்! சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்க மேலே வர வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்கு மூன்று வருடமாவது ஆகும். அதனால் ஒன்று இறந்தாலும் பெரிய நஷ்டம்தான்.

இங்கே சுற்றுலாப் படகுகள் பெருகினால் என்ன ஆகும்? மூச்சு வாங்க மேலே வரும் இடத்தில்தான் படகும் ஓடும். நங்கூரம் போட்டால் கடற்புல் வேரோடு பிய்ந்து வரும். பணம் கொடுத்து வந்தவர், "இன்னும் கிட்டப் போங்க அண்ணே!" என்பார். படகோட்டி என்ன செய்வார், பாவம்! இலங்கையின் மிரிஸ்ஸாவில் இதுதான் நடக்கிறது. ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்கின்றன. விதிகள் இருந்தும் இந்தப் புகார் ஓயவில்லை.

அதற்காகச் சுற்றுலாவே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் கிராமத்தினரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அந்த வருமானம் ஊருக்கும் போகிறது. கடற்பசு விஷயத்தில் இன்னும் கறார் வேண்டும். படகுகள் குறைவாக இருக்க வேண்டும். கடற்புல் உள்ள இடத்தில் நங்கூரம் கூடாது. கடற்பசு தெரிந்ததும் இன்ஜினை நிறுத்த வேண்டும். அது எங்கே மேயும் என்பது மீனவர்களுக்கே நன்றாகத் தெரியும். வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது. படகை ஓட்டும் வேலையையும் அவர்களிடமே கொடுக்கலாமே!